ஆடுகளம் ஒன்று, வருவாய் வேறு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பொருளாதாரம்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, வட கரோலினாவின் மலைநகரான பூனிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியைத் தன் சொந்த அரங்கில் எதிர்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கு அது. தன் அரங்கிற்கு வந்து ஆடுவதற்காக விருந்தினர் அணிக்கு 15 லட்சம் டாலர் தருவதென டெக்சஸ் ஏ அண்ட் எம் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தது. தேசியத் தரவரிசையில் ஆறாம் இடத்திலிருந்த அவ்வணி எளிதில் வெல்லும் என்பதே பலரின் எதிர்பார்ப்பு. ஆயினும் 17-14 என்ற கணக்கில் விருந்தினர் அணியே வென்றது. ஒப்பந்தப் பணத்தையும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பியது.

ஓர் அணி தன்னுடன் ஆட வருபவர்க்கு ஏன் இவ்வளவு பெரிய தொகை தர வேண்டும்? அத்தொகைக்காக ஒரு பல்கலைக்கழகம் ஏன் தோல்வி பெரிதும் உறுதி எனத் தோன்றும் ஆட்டத்திற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டில் பணம் பகிரப்படும் முறையை நாம் அறிந்துகொள்ளலாம்.

கூட்டமைப்பு என்னும் ஏற்பாடு

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. அதன் கல்லூரிப் போட்டிகளின் முதல் நிலையில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளில் உறுப்பினர்களாக இருக்கின்றன. ஆட்ட அட்டவணையை வகுப்பது, உறுப்பினர்களின் தொலைக்காட்சி உரிமையை ஒன்றாகத் திரட்டி விற்பது, வந்த பணத்தைப் பகிர்ந்தளிப்பது ஆகியவை கூட்டமைப்பின் தலையாய பணிகள்.

இப்பகிர்வின் தன்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு கூட்டமைப்புக்குள் பணம் பெரும்பாலும் சம பங்காகவே பிரிக்கப்படுகிறது. நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கால்பந்தில் பெரும் வெற்றிகளுக்குப் பெயர் பெற்றதன்று. எனினும் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பின் உறுப்பினர் என்பதால், பலமுறை தேசிய வாகையர் பட்டம் வென்ற அலபாமா பெறும் பங்கிற்கு ஏறத்தாழ இணையான பங்கை அதுவும் பெறுகிறது. ஒரு கூட்டமைப்பு தன் தொலைக்காட்சி வருவாயை மற்றொன்றுடன் பகிர்வதில்லை. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் வருவாயைத் தீர்மானிப்பதில் அதன் ஆட்டத்திறனைக் காட்டிலும், அது எந்தக் கூட்டமைப்பில் இடம்பெற்றிருக்கிறது என்பதே முதன்மை பெறுகிறது.

1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு

நிலைமை எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1980களின் தொடக்கம் வரை, என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே நாடு முழுவதற்குமான ஒளிபரப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. 1982இல் தொடங்கிய திட்டத்தின்படி, எந்த அணியும் ஈராண்டில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்ற இயலாது. கட்டணமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது.

அதன் விளைவை நீதிமன்ற ஆவணத்தில் பதிவான ஒரு நிகழ்வு தெளிவாக உணர்த்தும். 1981இல் ஒரே வார இறுதியில் இரண்டு ஆட்டங்கள் ஒளிபரப்பாயின. ஓக்லஹோமா அணியும் தென் கலிஃபோர்னியா அணியும் மோதிய ஆட்டத்தை 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அப்பலாச்சியன் ஸ்டேட்டும் சிட்டடெல் கல்லூரியும் ஆடிய ஆட்டத்தையோ நான்கே நிலையங்கள் ஒளிபரப்பின. ஆனால் நான்கு அணிகளும் பெற்ற தொகை ஒன்றே.

பெரிய பல்கலைக்கழகங்கள் இதனை நியாயமெனக் கருதவில்லை. மக்கள் தம் ஆட்டத்தைக் காணவே தொலைக்காட்சி முன் அமர்கிறார்கள், அவ்வாறிருக்கத் தம் உரிமையைத் தாமே விற்கத் தடை ஏன் என்பது அவற்றின் வாதம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், 1984 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சங்கத்தின் திட்டம் வணிகப் போட்டியைத் தடுக்கிறது, பார்வையாளருக்குக் கிடைக்கும் ஆட்டங்களைக் குறைக்கிறது என்பது பெரும்பான்மைக் கருத்து. தம் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரராக விளங்கிய நீதிபதி பைரன் வைட் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். கல்லூரி விளையாட்டு வெறும் வணிகமன்று, உயர்கல்வியின் நோக்கங்களுக்குத் திறந்த சந்தை போதிய துணை செய்யாது என்பது அவர் நிலைப்பாடு.

இரு தரப்பிலும் உண்மை இருந்ததைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. பார்வையாளருக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் பன்மடங்கு பெருகின. அதே வேளையில், அனைவருக்கும் பொதுவாயிருந்த பணப்பை பல துண்டுகளாகப் பிரிந்தது.

இடைவெளியின் அளவு

இன்றைய நிலையைச் சில எண்களால் அறியலாம். பிக் டென் கூட்டமைப்பு 2022இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். தென்கிழக்குக் கூட்டமைப்பு 2023-24 நிதியாண்டில் தன் உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளித்த மொத்தத் தொகை 80.84 கோடி டாலர். ஒரு பல்கலைக்கழகத்தின் சராசரிப் பங்கு ஏறத்தாழ 5.25 கோடி டாலர். ஒரு டாலருக்கு 85 ரூபாய் எனக் கொண்டால், இது சுமார் 446 கோடி ரூபாய்.

சிறிய கூட்டமைப்புகளுள் ஓரளவு வலுவானதாகக் கருதப்படும் அமெரிக்கன் கூட்டமைப்பு, 2019இல் இ.எஸ்.பி.என். நிறுவனத்துடன் 12 ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தின்போது கணிக்கப்பட்டபடி, ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் சேரும். மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினரின் தொலைக்காட்சிப் பங்கு 10 லட்சம் டாலரை எட்டுவதே அரிது. ஓர் ஒப்பந்த காலத்தில் தோன்றும் இவ்வேறுபாடு அத்துடன் நின்றுவிடுவதில்லை. மிகுதியான பணம் சிறந்த பயிற்சியாளரையும் நல்ல அரங்கையும் பெற்றுத் தருகிறது, அவற்றை நாடித் திறன் மிக்க மாணவர் வருகின்றனர், வெற்றி கூடுகிறது, அடுத்த ஒப்பந்தத்தின் மதிப்பும் உயர்கிறது. கூட்டுவட்டி வளர்வதைப் போலவே இவ்விடைவெளியும் வளர்கிறது.

பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தவறு செய்யும் வசதியும் உண்டு. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பணியிலிருந்து விடுவித்தபோது, எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்காக 7.5 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டியதாயிற்று. சிறிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஓராண்டு மொத்த விளையாட்டுச் செலவைவிட இது அதிகம்.

பற்றாக்குறையை யார் ஈடு செய்கிறார்கள்?

சிறிய பல்கலைக்கழகங்களுக்கு மூன்று வழிகளே பெரும்பாலும் எஞ்சுகின்றன. முதலாவது, கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட உத்தரவாத ஆட்டம். பெரிய அணிக்குத் தன் அரங்கில் ஓர் ஆட்டமும், நுழைவுச்சீட்டு வருவாயும், எளிய வெற்றிக்கான வாய்ப்பும் கிடைக்கின்றன. சிறிய அணிக்கு ஓராண்டுச் செலவின் ஒரு பகுதி கிடைக்கிறது. 2007இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆட அப்பலாச்சியன் ஸ்டேட் பெற்றது 4 லட்சம் டாலர். அன்றும் 34-32 என அதுவே வென்றது. எனினும் இத்தகைய வெற்றிகள் அரியவை. பெருந்தோல்வியும் வீரர்களின் காயங்களுமே பல அணிகள் இப்பணத்துக்குத் தரும் விலை.

இரண்டாவது வழி, மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகப் பொது நிதியும். சிறிய கூட்டமைப்புகளில் உள்ள பல பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வரவில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இவற்றிலிருந்தே வருகிறது. ஆட்டத்தை ஒருமுறையும் காணாத மாணவரும் இக்கட்டணத்தைச் செலுத்துகிறார். கல்விக் கடன் பெற்றுப் படிப்பவராயின், கால்பந்துக்குச் சென்ற தொகைக்கும் அவர் பல்லாண்டு வட்டி கட்ட நேரிடும். செல்வம் மிக்க கூட்டமைப்பின் பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சி நிறுவனம் தரும் பணம் செய்யும் வேலையை, எளிய பல்கலைக்கழகத்தில் மாணவரின் குடும்பம் செய்கிறது.

மூன்றாவது வழி, விலகிக்கொள்வது. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டி 2014 டிசம்பரில் தன் கால்பந்து அணியைக் கலைத்தது. மாணவரும் நகர மக்களும் எதிர்த்தனர், நன்கொடைகள் திரண்டன. அடுத்த ஆண்டே முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2017இல் அணி மீண்டும் களமிறங்கியது. கணக்கேட்டில் இழப்பாகத் தெரியும் ஓர் அணி ஊராருக்கு எத்தகைய உடைமை என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

நடுவில் நின்றவர்களின் நிலை

பெரிய கூட்டமைப்பில் இருப்பதும் நிலையான பாதுகாப்பன்று. 1915இல் வேர்கொண்ட பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பின் மரபில் வந்த பேக்-12, ஈராண்டுக்குள் சிதறியது. 2022 ஜூனில் தென் கலிஃபோர்னியா, யு.சி.எல்.ஏ. ஆகிய இரண்டும் பிக் டென்னுக்குச் செல்வதாக அறிவித்தன. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் எதிர்பார்த்தவாறு அமையாததால், 2023இல் மேலும் எட்டு பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டு மட்டுமே எஞ்சின. ஆட்டத்தில் அவை தாழ்ந்துவிடவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் விரும்பும் பெருநகரச் சந்தை அவற்றின் அருகில் இல்லை.

வெளியேறியவர் அனைவரும் நல்ல விலை பெற்றனர் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர, முதலாண்டுகளில் 30 விழுக்காட்டுத் தொலைக்காட்சிப் பங்குக்கே இசைந்தன. டல்லஸின் எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாமென ஒப்புக்கொண்டு அதே கூட்டமைப்பில் நுழைந்தது. இன்றைய வருவாயைத் துறந்தேனும் நாளைய இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற கணக்கே இதன் பின்னணி.

சம பங்கு இயலாததா?

அதே நாட்டின் தொழில்முறைக் கால்பந்து வேறொரு பாதையைத் தேர்ந்தது. 1961ஆம் ஆண்டு விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறைச் சங்கங்கள் தம் தொலைக்காட்சி உரிமையை ஒன்றுதிரட்டி விற்க விலக்களித்தது. அதனால் என்.எஃப்.எல். சங்கத்தின் 32 அணிகளும் தேசிய ஒளிபரப்பு வருவாயைச் சமமாகப் பகிர்கின்றன. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரின் அணி, நியூயார்க் அணிகள் பெறும் அதே பங்கைப் பெறுகிறது. 2023-24 நிதியாண்டில் தேசிய வருவாயிலிருந்து அதற்குக் கிடைத்தது 40 கோடி டாலருக்கும் மேல். கல்லூரி விளையாட்டுக்கு அச்சட்ட விலக்கு இல்லை. அதனை விரிவுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கை 2025இல் வலுப்பெற்றது. பெரிய கூட்டமைப்புகளோ இதில் ஆர்வம் காட்டவில்லை.

எதிர்த்திசையில் செல்லும் மாற்றங்களும் உள்ளன. தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுக்காக, 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்கு இ.எஸ்.பி.என். தரவிருக்கும் தொகை 780 கோடி டாலர். செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட விவரப்படி, இதில் பிக் டென்னும் தென்கிழக்குக் கூட்டமைப்பும் தலா 29 விழுக்காடு பெறும். சிறிய கூட்டமைப்புகள் ஐந்தும் சேர்ந்து பெறுவது சுமார் 9 விழுக்காடு. இதற்கிடையே 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரருக்கு நேரடியாக வழங்கலாம். உழைப்பவருக்கு ஊதியம் என்ற அளவில் இது நெடுநாள் வேண்டப்பட்ட நீதி. ஆனால் பெரும்பாலான சிறிய பல்கலைக்கழகங்களுக்கு எட்டாத உச்சவரம்பு அது.

1981இல் ஓக்லஹோமா பெற்ற அதே தொகையைப் பெற்ற அப்பலாச்சியன் ஸ்டேட், இன்று பெரியவர் தரும் ஆட்டக் கட்டணத்தைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரவாக எழுதுகிறது. இந்நாற்பது ஆண்டுகளில் பெரிய அணிகளை வெல்லும் ஆற்றல் அதனிடம் குன்றவில்லை என்பதை மிச்சிகனிலும் டெக்சஸிலும் அது மெய்ப்பித்தது. மாறியது பங்கீட்டு விதி. உரிமை யாரிடம் உள்ளது, பொதுப் பணப்பையில் எவரெவர் அடங்குவர், பங்கினை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே, ஆட்டம் தொடங்கும் முன்பே பெருமளவு முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன. ஒரு கூட்டு முயற்சியில் சேர்பவர் எவராயினும், மொத்த வருவாய் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இவ்வினாக்களைக் கேட்பது நன்று.