மடியும் கூரையும் மறைந்திருக்கும் செலவும்



என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் ஜெர்மனியில் பொறியாளராக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஐயா, பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. பொத்தானை அழுத்தினால் அதன் உலோகக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போய்விடுகிறது! புதுக் காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுச் சேமிப்பு கையில் இருக்கிறது. வாங்கலாமா?"

ஒரு காரின் விலை வேறு. அதை வைத்திருக்க ஆகும் செலவு வேறு. இந்த உண்மையை விளங்கிக்கொள்ள உங்கள் பள்ளிப் பாடங்களே போதும். எப்படி என்று பார்ப்போமா?

கூரை மடிந்த கதை

திறந்த காரில் காற்று வாங்கிக்கொண்டு போக எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் மழையும் குளிரும் வந்தால் கூரை வேண்டுமே! துணிக் கூரை கிழியும். குளிரையும் இரைச்சலையும் உள்ளே விடும். ஆகவே உலோகக் கூரையையே மடக்கினால் என்ன என்று சிலர் எண்ணினர். அவர்களுள் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் போலேன். இவர் பல் மருத்துவர் என்பது வியப்பான செய்தி! அவருடைய முறையில் அமைந்த கூரையுடன் 1934-இல் பியூஜோ நிறுவனத்தின் கார் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1959 வரை 'ஸ்கைலைனர்' என்ற காரைச் செய்தது. அதன் கூரையை இயக்க 3 மோட்டார்கள், பூட்டுகளைத் திருக 4 மோட்டார்கள், 10 ரிலேக்கள், 10 லிமிட் ஸ்விட்சுகள், ஏறத்தாழ 186 மீட்டர் மின்கம்பி ஆகியவை தேவைப்பட்டன. கூரை மடிய ஆன நேரம் சுமார் 40 விநாடி. 1996-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. கார் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தது. 2000-க்குப் பின் பல நிறுவனங்கள் இத்தகைய கார்களைச் செய்தன. அவைதாம் இன்று பழைய கார்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன.

இருபத்தேழு கண்ணிகள்

ஸ்கைலைனரின் மோட்டார்களையும் ரிலேக்களையும் ஸ்விட்சுகளையும் கூட்டுங்கள்: 27. ஒன்று வேலை செய்து முடித்த பிறகே அடுத்தது தொடங்கும். ஒன்று நின்றால் கூரை பாதி வழியில் நின்றுவிடும்.

ஒவ்வோர் உறுப்பும் 100 தடவையில் 99 தடவை ஒழுங்காக வேலை செய்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்த அமைப்பும் ஒழுங்காக வேலை செய்யும் நிகழ்தகவு என்ன? 0.99-ஐ 27 தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.76. வயதானபின் ஒவ்வோர் உறுப்பின் தரமும் 99-லிருந்து 98-க்கு இறங்குகிறது என்க. இப்போது விடை 0.58! தனித்தனியே பார்த்தால் எல்லா உறுப்புகளும் நன்றாகவே இருக்கும். ஆயினும் கூரை அடிக்கடி மக்கர் செய்யும். பழைய காரில் புதிர்போல் தோன்றும் பழுதுக்கு இதுவே காரணம்.

எண்ணெயும் மின்சாரமும்

இக்காலக் கார்கள் பலவற்றில் கூரையைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். இது பாஸ்கல் விதிப்படி இயங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 1000 நியூட்டன் அழுத்தம் 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன்மேல் செயல்பட்டால் 3000 நியூட்டன் விசை கிடைக்கும். ஆனால் எண்ணெயைத் தடுத்து நிறுத்துபவை சிறிய ரப்பர் வளையங்களே. ஆண்டுகள் ஆக ஆக ரப்பர் இறுகி வெடிக்கும், எண்ணெய் கசியும். கூரை மெதுவாக நகர்வதே முதல் அறிகுறி.

பம்பை ஓட்டும் மோட்டாருக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அது 50 ஆம்பியர் என்று கொள்வோம். பேட்டரியின் அகத்தடை 0.02 ஓம் என்றால் 1 வோல்ட் குறையும், 12.6 வோல்ட் 11.6 ஆகும். பழைய பேட்டரியில் அகத்தடை 0.06 ஓம் என்றால் 3 வோல்ட் குறைந்து 9.6 வோல்ட்தான் எஞ்சும். கூரை நின்றுவிடும். 'பம்பு போய்விட்டது' என்று பெரும் பணம் செலவழிக்குமுன் பேட்டரியைச் சோதிப்பது அறிவுடைமை.

மூடியில்லாப் பெட்டி

ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். அதை உறைக்குள் செருகி முறுக்குங்கள், எளிதில் அசையாது. சாதாரணக் காரில் பற்றவைத்த கூரை இந்த உறையைப்போல் உடலுக்கு உறுதி தருகிறது. மடியும் கூரை அவ்வாறு தராது. ஆகவே காரின் அடிப்பகுதியைக் கூடுதல் எஃகால் வலுப்படுத்துகிறார்கள். எடை கூடுகிறது, எரிபொருள் செலவும் கூடுகிறது. அப்படியும் குண்டும் குழியுமான சாலையில் உடல் சற்றே முறுகும். அதனால் கூரையின் மூட்டுகளில் உள்ள ரப்பர் பட்டைகள் தேயும். அந்த வழியே மழைநீர் நுழையும். நீர் வடியும் குழாய்களை இலைச்சருகு அடைத்தால் டிக்கியில் நீர் தேங்கும். சில கார்களில் பம்பும் மின்னணுப் பெட்டியும் இருக்கும் இடமும் அதுவே!

விலை இறங்கும், வேலை இறங்காது

புதுக் காரின் விலை 100 பங்கு, கூரையின் பம்பை மாற்றும் செலவு 5 பங்கு என்று கொள்வோம். பன்னிரண்டு ஆண்டில் காரின் விலை 20 பங்காக இறங்கிவிட்டது. பம்பின் விலை இறங்கியதா? இல்லை. மெக்கானிக்கின் கூலி இறங்கியதா? அதுவும் இல்லை. புதிதில் இருபதில் ஒரு பங்காக இருந்த செலவு இப்போது காரின் விலையில் நான்கில் ஒரு பங்கு! அந்த ரகக் காரின் உற்பத்தி நின்றிருந்தால் உதிரிப்பாகத்தைத் தேடி அலையவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் விளக்கி, என் மாணவருக்கு நான்கு சோதனைகளை எழுதினேன். கூரையை மூன்று தடவை திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கூரை நகரும்போது பேட்டரியின் வோல்ட்டளவைப் பார்க்க வேண்டும். மேலே நீர் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். டிக்கியின் விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மறுகடிதம் வந்தது. "கூரை மூன்று தடவையும் அழகாக மடிந்தது, ஐயா. வோல்ட்டும் சரியாக இருந்தது. ஆனால் விரிப்புக்கு அடியில் கை நனைந்தது. ரப்பர் பட்டைகளை மாற்றும் செலவை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை சொன்னேன். விற்பவர் ஒப்பவில்லை, திரும்பிவிட்டேன். ஆசை மட்டும் இன்னும் போகவில்லை."

ஆசை போக வேண்டியதில்லை. அகத்தடைக் கணக்கு என்றாலே வகுப்பில் முகம் சுளித்தவர் அவர். இன்று வோல்ட்மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கார் பார்க்கப் போயிருக்கிறார். அடுத்த காருக்கும் அதை எடுத்துச் செல்வார். இரண்டு ஆண்டுச் சேமிப்பு அதுவரை அவரிடம் பத்திரமாக இருக்கும்.