பரம்பரையலகுத் திருத்தமும் காலக் கட்டுப்பாடும்

நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பனை சீவும் தொழிலாளர், கருப்பநீர் வேண்டின் முட்டியின் உட்புறத்தில் முன்னரே சுண்ணாம்பு தடவிப் பாளையிற் கட்டுவர். கள் வேண்டின் வெறும் முட்டியையே கட்டுவர். சொட்டும் சாறு இரண்டிலும் ஒன்றே. வெறும் முட்டியில் மதுவங்கள் சாற்றின் வெல்லத்தை அற்ககோலாக மாற்றுகின்றன. மற்றதிற் சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றின் தொழிலைத் தடுத்து நிறுத்துகின்றது. உயிருள்ள ஒன்றின் செயலை எப்பொழுது நடைபெற விடுவது, எப்பொழுது தடுப்பது என்பதை ஓர் இரசாயனப் பொருளைக் கொண்டு தீர்மானிக்கும் இவ்வறிவு தீவக மக்களுக்குப் புதியதன்று. பரம்பரையலகுத் திருத்தம் என்னும் இன்றைய துறையில் அறிஞர் தேடிக்கொண்டிருப்பதும் இத்தகையதொரு சுண்ணாம்பையே எனலாம்.

பற்றீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரசுகளின் டி.என்.ஏ.யை வெட்டியழிக்கும் ஆயுதமாகக் காஸ்-9 என்னும் புரதத்தைக் கொண்டுள்ளன. விரும்பிய இடத்தில் வெட்டும் கத்தரிக்கோலாக இதனை மாற்றலாம் என 2012 ஆம் ஆண்டில் ஜெனிபர் டௌட்னா, எமானுவேல் சார்பன்ரியே ஆகிய இரு பெண்மணிகள் காட்டினர்; 2020 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. இருபது எழுத்துக்களைக் கொண்ட வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று, கலத்தினுள் ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துக்களுக்கிடையே உரிய இடத்துக்கு இக்கத்தரிக்கோலை அழைத்துச் செல்கின்றது.

இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. முந்நூறு கோடி எழுத்துக்களுள் இலக்கை ஓரளவு ஒத்த வேறு இடங்களும் இருத்தல் இயல்பே. முற்றும் பொருந்தும் இடத்தைக் காஸ்-9 விரைவில் வெட்டிவிடும். அரைகுறையாகப் பொருந்தும் இடத்தை வெட்டுதற்கு அதற்குக் கூடிய காலமும் கூடிய அளவும் வேண்டும். ஆதலின், கத்தரிக்கோல் கலத்தினுள் எவ்வளவு காலம் தங்குகின்றதோ அவ்வளவுக்குத் தவறான வெட்டுக்கள் பெருகும். புற்றுநோயைத் தடுத்து நிற்கும் பரம்பரையலகொன்றில் அவ்வெட்டு விழுமாயின் விளைவு பாரதூரமானது. எங்கே வெட்டுவது என்னும் வினாவோடு எவ்வளவு நேரம் வெட்டவிடுவது என்னும் வினாவும் இவ்வாறு சேர்ந்துகொள்கின்றது.

இதற்கு விடை காண முயன்றோர் கையாண்ட பொருள்களுள் றப்பாமைசினின் வரலாறு தீவுகளில் வாழ்வோர்க்குத் தனிச்சுவை பயப்பது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்ரர் தீவுக்கு, அதாவது றாப்பா நூயிக்கு, 1964 ஆம் ஆண்டிற் சென்ற கனடிய மருத்துவக் குழுவினர் அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தனர். அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணங்கியொன்றிலிருந்து, பிரிக்கப்படாத இந்தியாவிற் பிறந்த சுரேந்திரநாத் சேகால் என்னும் விஞ்ஞானி மொன்றியல் நகரில் இப்பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயரே மருந்தின் பெயராயிற்று. 1980களில் அந்நகர ஆய்வுகூடம் மூடப்பட்டபோது, கைவிடப்பட்ட அந்நுண்ணங்கியைச் சேகால் தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தமையாலேயே ஆராய்ச்சி பிழைத்தது. 1999 ஆம் ஆண்டில், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் விலக்காதிருக்க உதவும் மருந்தாக ஐக்கிய அமெரிக்கா இதனை ஏற்றுக்கொண்டது. அதன் வருவாயில் அத்தீவினர்க்குப் பங்கு கிட்டவில்லை என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

குறித்த இரு புரதங்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது றப்பாமைசினின் இயல்பு. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்கப் புரோட் நிறுவனத்தைச் சேர்ந்த பெங் சாங் குழுவினர், காஸ்-9 ஐ இரு பாதிகளாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் அப்புரதங்களுள் ஒன்றைத் தொடுத்தனர். றப்பாமைசின் வந்தால் பாதிகள் கூடும். கத்தரிக்கோல் வேலை செய்யும். ஆயினும் பாதிகள் தாமாகவே கூடிவிடுதலும் உண்டு. அதனைக் குறைக்க ஒரு பாதியைக் கருவிலும் மற்றதைக் கருவுக்கு வெளியிலும் நிறுத்த வேண்டியதாயிற்று. மேலும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தொன்றை வெறும் ஆளியாகப் பயன்படுத்துதல் நோயாளிக்கு நன்றன்று.

இக்குறையை நீக்கும் வழியில் அமித் சௌத்ரி, பாசுதேவ் மாஜி முதலியோர் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை கருத்துக்குரியது. அவர்கள் காஸ்-9 உடன் நிலைபேறற்ற புரதத் துண்டொன்றை இணைத்தனர். அத்துண்டு இருக்குமளவும் கலம் முழுப் பொருளையும் கழிவெனக் கருதிச் சிதைத்துவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியர் நெடுங்காலமாக வழங்கிவரும் றைமெதோபிரிம் என்னும் எளிய மருந்து அத்துண்டிற் பொருந்தியவுடன் அது நிலைபெறும், கத்தரிக்கோலும் பிழைக்கும். மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வெட்டின் அளவை மாற்றலாம். மருந்தை நிறுத்தினாற் கலமே மிஞ்சியதைச் சிதைத்துவிடும்.

இவை தொடக்கிவைக்கும் பொருள்கள். சுண்ணாம்புக்கு நேர் ஒப்பானவை, நிறுத்திவைக்கும் பொருள்களே. வைரசுகளிடம் காஸ்-9 ஐத் தடுக்கும் புரதங்கள் இயற்கையில் உள. ஆயினும் பெரிய புரதங்கள் கலத்தினுள் எளிதிற் புகா. ஆகவே சௌத்ரி குழுவினர் பல பொருள்களைச் சோதித்து, காஸ்-9 டி.என்.ஏ.யைப் பற்றாதவாறு தடுக்கும் சிறு மூலக்கூறுகளை 2019 ஆம் ஆண்டிற் கண்டனர். இவை கலத்தினுள் இலகுவிற் புகுவன. எனினும் வெட்டிய வெட்டை இவை மீட்டுத் தருவனவல்ல. புளித்த கள்ளிற் சுண்ணாம்பைக் கலப்பதனாற் கருப்பநீர் வருமா? உரிய வெட்டு முடிந்து தவறான வெட்டுத் தொடங்குமுன், அந்த இடைவேளையில் இவை சென்று சேர வேண்டும்.

இலங்கையர் இதனைக் கருதவேண்டிய காரணம் தலசீமியா நோயாகும். குருநாகலிலுள்ள தலசீமியா நிலையத்துக்கு மாதந்தோறும் குருதியேற்றிக்கொள்ள வரும் பிள்ளைகள் பலர். இந்நோய்க்கான முதலாவது பரம்பரையலகுத் திருத்தச் சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அங்கீகரித்தது. அதில் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்துத் திருத்திச் சோதித்து, என்பு மச்சையைக் கடும் மருந்தால் வெறுமையாக்கிய பின்னர் மீளச் செலுத்துவர். அமெரிக்காவில் இதன் விலை இருபத்திரண்டு இலட்சம் டொலர். வறிய நாடுகளுக்கு ஏற்றது, ஊசி மூலம் உடலினுள்ளேயே திருத்தும் முறையாகும். ஈரலில் இதனை 2021 ஆம் ஆண்டிற் செய்து காட்டினர். அங்கே அனுப்பப்பட்ட ஆர்.என்.ஏ. விரைவிலேயே சிதைந்துவிடும். கண், தசை முதலியவற்றுக்கோ வைரசைக் காவியாகக் கொள்வது வழக்கம். அவ்வழிச் சென்ற கத்தரிக்கோல் நெடுங்காலம் தங்கக்கூடும். உடலினுள் நிகழும் திருத்தத்திற் பழுதான கலங்களை முன்னரே ஆய்ந்து ஒதுக்கவும் இயலாது. குறிகட்டுவானுக்குப் படகேறி அப்பால் யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு வரவேண்டிய நெடுந்தீவு நோயாளி ஒருவர்க்கு, ஊசிக்குப் பின் சின்னாட்கள் உட்கொள்ளும் மாத்திரையொன்றே கத்தரிக்கோலைக் கட்டுப்படுத்துமாயின் அது சிறு நன்மையன்று.

அங்கீகாரம் பெற்ற சிகிச்சை எதிலும் இத்தகைய ஆளி இதுவரை இடம்பெறவில்லை. மருந்தில்லாத வேளையிலும் கசிந்து நிகழும் வெட்டு எவ்வளவு, உட்கொண்ட மருந்து ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு சென்று சேர்கின்றது என்னும் இரண்டையும் அளந்து காண்பதே ஆய்வாளர் முன்னுள்ள வேலையாகும்.