சூரிய பம்ப்செட் வாங்கும் முன் கிணற்றை அளந்து பாருங்கள்

டீசல் என்ஜினை நம்பிக் காய்கறி வைப்பவருக்கு, காய் விற்ற காசில் பெரும்பங்கு எண்ணெய்க்கே போய்விடும். 5 குதிரைத்திறன் என்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். சூரியசக்தி பம்ப்செட்டில் அந்தச் செலவு கிடையாது. பி.எம். குசும் திட்டத்தில் வேளாண் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியமும் கிடைக்கிறது.

ஆனால் வெயில் இலவசம் என்று காலை முதல் மாலை வரை ஓட்டினால் கிணறு வற்றும். பிறகு கடன் வாங்கி ஆழ்குழாய் போடும் நிலை வரும். அந்தக் கடன் டீசல் செலவைவிடப் பொல்லாதது.

ஆகவே சித்திரையில் ஒருநாள் மாலை கிணற்றை இறைத்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 20 அடி கிணற்றில் ஓர் அடி என்றால் சுமார் 11,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு நாளுக்கு 4 மில்லிமீட்டர் கொடுக்க 16,000 லிட்டர் வேண்டும். அதாவது ஓர் அடி ஊற்றுக்கு முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. சொட்டுநீர் போட்டால் வாய்க்காலில் வீணாவதாவது மிஞ்சும். மோட்டாரின் குதிரைத்திறனையும் இந்த ஊற்றைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

தகடுகள் தெற்கு நோக்கி இருக்கட்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலே தண்ணீர் குறையும். தூசியை அதிகாலையில், தகடு சூடேறும் முன் கழுவுங்கள். பொருத்தும் நிறுவனமே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி எண்ணை மோட்டார் பெட்டியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.