எஞ்சின் ஆயில்

எஞ்சின் ஆயில் என்பது பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் உள்ளே அசையும் உலோகப் பாகங்களுக்கு இடையில் மெல்லிய படலமாக நின்று உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் எண்ணெய் ஆகும். இது உயவு எண்ணெய் வகைகளுள் ஒன்று. பாகங்களின் வெப்பத்தைக் கடத்துதல், கரியையும் அழுக்கையும் சுமந்து செல்லுதல், துருவைத் தடுத்தல் ஆகியவையும் இதன் பணிகள்.

செயற்படும் விதம்

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியில் ஆயில் தேங்கி நிற்கும். எஞ்சின் ஓடும்போது பம்பு அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாக கிராங்க் தண்டு, கேம் தண்டு ஆகியவற்றின் பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் அனுப்புகிறது. சுழலும் தண்டு இந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

பாகுநிலை எண்

டப்பாவில் 5டபிள்யூ-30 என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், சூடான நிலையில் உள்ள பாகுநிலையைக் காட்டும். எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று பொருளன்று. வண்டியின் கையேடு கூறும் எண்ணையே பின்பற்ற வேண்டும்.

அளவு பார்த்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் தண்டு அடித்துக் கலக்குவதால் ஆயில் நுரைத்து, உயவு குறையும். ஆயில் கறுத்திருப்பது இயல்பே. பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கலாம்.

சிவப்பு விளக்கு

எண்ணெய்க் குப்பி வடிவச் சிவப்பு விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் குறைந்துவிட்டதையே காட்டுகிறது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் ஆயில் போதுமான அளவு இருப்பதாகக் கொள்ள முடியாது. எஞ்சினைக் கிளப்பும் முன் விளக்கு எரிந்து, கிளப்பியதும் அணைந்துவிட வேண்டும். ஓட்டத்தில் எரிந்தால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். 'பட்டறை வரை போய்விடலாம்' என்று தொடர்ந்து ஓட்டினால் படலம் அறுந்து, பேரிங்குகள் உருகி, எஞ்சினே இறுகி நின்றுவிடக்கூடும். சில லிட்டர் ஆயிலில் முடிய வேண்டிய செலவு, எஞ்சினையே மாற்றும் செலவாகிவிடும்.

கழிவு ஆயில்

பழைய ஆயில் மண்ணையும் நீரையும் கெடுக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்குச் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.