மால் மருகனும் மாமன் மகளும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்கு வந்தவர் அறிவர். மலையின் 365 படிகளிலும் காவடிகள் நெருக்கியடித்து ஏறும். ஒரு காவடியின் பின்னே தமிழ் ஒலிக்கும். அடுத்த காவடியின் பின்னே தெலுங்கு ஒலிக்கும். இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும் இரு மொழியாரும் அண்டை வீட்டாராகவே வாழ்ந்து வருகின்றனர்.

அம்மலையில் கோயில் கொண்ட முருகனுக்கு இந்து சமயத்தார் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'மால் மருகன்'. திருமால் உமையவளின் உடன்பிறந்தவர் என்பர். ஆகவே முருகன் அவருக்குச் சகோதரி மகன். வள்ளியும் தெய்வயானையும் திருமாலின் புதல்வியர் என்பது ஒரு மரபு. ஆகவே முருகன் அவர் மகளிரை மணந்தவரும் ஆவார். இரண்டு உறவுக்கும் சொல் ஒன்றே: மருகன், அதாவது மருமகன்.

இந்த ஒரு சொல்லைக் கொண்டே பண்பாட்டு மானிடவியலின் முதல் பாடத்தை நடத்திவிடலாம். கல்லூரிகளில் நம் பிள்ளைகளுள் சிலர் இன்று இப்பாடத்தைப் பயில்கின்றனர். பயின்றபின் வீட்டிற்கு வந்து கேள்வி கேட்கின்றனர். அக்கேள்விகளுள் ஒன்று நம் குடும்பங்களின் நடுக்கூடத்தையே தொடுவதால், அதைப் பற்றிச் சிந்திப்பது நமக்கு நலம்.

நம் வீட்டுச் சொற்கள்

தாயின் உடன்பிறந்தான் மாமன். மனைவியின் தந்தையும் மாமன். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. கணவனைப் பெற்றவளும் அத்தை. தெலுங்கிலும் மாம, அத்த என்று அதே அமைப்பு. மறுபக்கம் பாருங்கள். தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா. 'அப்பா' என்னும் சொல் உள்ளேயே நிற்கிறது. தாயின் தமக்கை பெரியம்மா. அவர்கள் பெற்ற பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை.

இரத்தக் கணக்கில் மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே தொலைவில் உள்ளவர்களே. ஆயினும் ஒருத்தி முறைப்பெண், மற்றவள் உடன்பிறந்தாள். ஒரு பக்கம் பங்காளி வீடு. மறுபக்கம் சம்பந்தி வீடு. எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் எடுக்கலாகாது என்பதைக் குழந்தை பேசக் கற்கும்போதே சொற்கள் கற்பித்துவிடுகின்றன. இன்று எல்லாரையும் 'அங்கிள்', 'ஆண்டி', 'கசின்' என்றழைக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மறைந்து வருகிறது.

ஆற்காட்டிலிருந்து அமெரிக்காவிற்கு

இக்கணக்கின் சிறப்பை உலக அறிஞர்க்கு எடுத்துக்காட்டியவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடியினர் தந்தையின் சகோதரனையும் 'தந்தை' என்றே அழைப்பதை அவர் கண்டார். 1859-ஆம் ஆண்டில், தமிழரிடமும் இத்தகைய முறை உண்டென்று அறிந்து வியந்தார். அவருக்கு அச்செய்தியைத் தந்தவர்கள் ஆற்காட்டு மிஷனில் உழைத்த ஸ்கடர் குடும்பத்துச் சீர்திருத்த சபைப் போதகர்கள். அந்நாளில் திருத்தணியும் வட ஆற்காடு மாவட்டத்தைச் சார்ந்ததே. 1871-இல் மார்கன் வெளியிட்ட பெருநூலின் அட்டவணைகளில் தமிழ், தெலுங்கு உறவுப் பெயர்கள் வரிசையாக இடம்பெற்றன. நம் பாட்டிமார் அன்றாடம் வழங்கிய சொற்கள் ஒரு புதிய அறிவுத்துறையின் அடித்தளக் கற்களுள் சிலவாயின.

மார்கன் கண்டது மெய். அதிலிருந்து அவர் முடிவு கட்டியதெல்லாம் மெய்யன்று. உறவுச் சொற்கள் ஒத்திருப்பதைக் கொண்டே அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர் என்று நிறுவ முயன்றார். அத்தகைய ஒற்றுமை தனித்தனியேயும் தோன்றக்கூடும் என்பதைப் பின்வந்தோர் காட்டினர். மனித இனங்களை ஓர் ஏணியில் ஏற்றி, தம்மவரை மேற்படியில் அமர்த்தினார். பிரான்ஸ் போவாஸ் முதலியோர் அவ்வேணியை மறுத்தனர். 1915 முதல் 1918 வரை டிரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியிலேயே கேட்டறியும் முறையை வலியுறுத்தினார். முதலில் கேள், பிறகு புரிந்துகொள், தீர்ப்பை அவசரப்படுத்தாதே என்பதே இத்துறை மாணவனுக்குத் தரும் ஒழுக்கம்.

இந்தியாவிற்குள்ளேயும் இது பொருந்தும். மாமன் மகளை மணப்பது வடநாட்டார் பலருக்குத் தங்கையை மணப்பது போன்ற அதிர்ச்சி. இவ்விரு உலகங்களையும் ஒப்பிட்டு இராவதி கார்வே அம்மையார் 1953-இல் நூலெழுதினார். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்து, வழக்காறு அனுமதிக்கும் இடத்தில் விலக்களித்தது.

திருநூலின் குடும்பங்கள்

யாக்கோபு தன் தாய் ரெபேக்காவின் சகோதரனாகிய இலாபானின் புதல்வியரை மணந்தார். நமக்கு இது எளிதில் விளங்கும். மாமன் மகளைத்தானே மணந்தார்! ஆனால் எண்ணிக்கை நூலின் 36-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். செலொபுகாதின் புதல்வியர் ஐவரும் குலத்தின் நிலவுரிமை வெளியே செல்லாதிருக்கத் தம் தந்தையின் சகோதரர் மக்களை மணந்தனர். நம் முறைப்படி அவர்கள் அண்ணன் தம்பிமார்! அங்கே கடமையாய் விளங்கியது இங்கே கேட்கவும் கூசும் செயல். திருநூலை வாசிக்கையில்கூட அம்மக்களின் உறவுக்கணக்கை அறிந்து வாசிக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

திருச்சபையின் கணக்கு

இங்கேதான் நம் வீட்டுக் கேள்வி எழுகிறது. "மாமன் மகன் எங்கள் முறை மாப்பிள்ளை. அவனுக்குக் கொடுக்கத் திருச்சபை ஏன் தடை சொல்கிறது?" என்று பெற்றோர் கேட்கின்றனர்.

திருச்சபை பங்காளி, சம்பந்தி என்று பிரிப்பதில்லை. தலைமுறைப் படிகளை எண்ணுகிறது. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் தடையை ஏழு படிகளிலிருந்து நான்காகக் குறைத்தது. எண்ணும் முறையும் பின்னர் மாறிற்று. இன்று நடப்பிலுள்ள 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, 1091-ஆம் விதியில், பக்கக்கோட்டு உறவில் நான்காம் படி வரை தடை விதிக்கிறது. மாமன் மகள், அத்தை மகள், சித்தப்பா மகள் யாவரும் அந்த நான்காம் படியே. தாய்மாமன் தன் அக்காள் மகளை மணப்பது மூன்றாம் படி, இன்னும் நெருக்கம்.

பெற்றோர் பிள்ளை வழியிலும் உடன்பிறந்தாரிடையிலும் விதிவிலக்கு ஒருபோதும் இல்லை. மேற்சொன்ன உறவுகளிலோ தக்க காரணம் இருப்பின் ஆயர் விதிவிலக்கு வழங்கலாம். ஆகவே திருச்சபை நம் வழக்காற்றை இழிவென்று தள்ளவுமில்லை; அப்படியே தலையாட்டி ஏற்கவுமில்லை.

இத்தடையின் உட்பொருளைப் புனித அகுஸ்தீன் 'இறைவனின் நகர்' என்னும் நூலில் ஆராய்ந்தார். உறவுகளை ஒரே வட்டத்துள் மடித்து வைக்காமல் பலரிடம் பரப்பினால் அன்பின் பிணைப்பு விரியும் என்பது அவர் கருத்து. நம் முறையின் நோக்கத்தையோ மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே 1949-50-இல் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் விளக்கினார்: ஒருமுறை கட்டிய சம்பந்தத்தைத் தலைமுறைதோறும் புதுப்பிப்பதே அது. ஒன்று பழைய பிணைப்பைக் காக்கிறது. மற்றொன்று புதிய பிணைப்பைத் தேடுகிறது. இரண்டிலும் அன்பின் ஞானம் உண்டு.

பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டியவை

முதலாவது, உடல்நலம். பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று எனில், மாமன் மக்கள், அத்தை மக்கள் மணந்தால் அது ஏறத்தாழ இருமடங்காகலாம் என்பர் மருத்துவர். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. எனினும் குடும்பத்தில் முன்பே பரம்பரை நோய் காணப்பட்டிருப்பின் மருத்துவரிடம் மறைக்கலாகாது. அக்காள் மகளை மணக்கும்போது இந்த இடர் மேலும் கூடும்.

இரண்டாவது, மனச்சம்மதம். "முறை இருக்கிறது, வேறென்ன கேட்பது?" என்ற சொல் நம் வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது. முறை என்பது உரிமையின் வாசல், சம்மதத்தின் முத்திரையன்று. தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்த பேச்சு, வளர்ந்த மகளின் வாயை அடைக்கலாகாது. கட்டாயத்தாலோ கனத்த அச்சத்தாலோ செய்த திருமணம் செல்லாதென்று 1103-ஆம் விதி கூறுகிறது. நிலம் வெளியே போய்விடும், தாய்மாமன் கோபிப்பார் என்னும் காரணங்களுக்காகப் பெண்ணின் கண்ணீரைக் காணாதது போல் இருப்பது பாவம்.

மூன்றாவது, வெளிப்படை. உறவை மறைத்து ஓலை வாசிக்கச் சொல்லாதீர். நிச்சயத்திற்கு முன்பே பங்குத்தந்தையிடம் வந்து உறவின் வழியைச் சொல்லுங்கள். பந்தல் போட்டபின் தடை தெரியவந்தால் இரு வீட்டாருக்கும் தலைகுனிவு.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மானிடவியலில் ஒரு பருவம் படித்துவிட்டு, பாட்டியின் வழக்கத்தைப் பார்த்து நகைப்பவன் அப்பாடத்தைப் படித்தவனல்லன். எல்லா வழக்கமும் சரியே என்று சொல்லிவிட்டு நடப்பவனும் அப்படியே. புரிந்துகொள்வது ஒன்று, ஏற்றுக்கொள்வது வேறொன்று. பாட்டியை அருகே அமர்த்தி, "உங்கள் நாளில் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாய் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் மனத்தையும் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பமும் தன் மக்களின் வழக்காறுகளுக்குள்ளே வாழ்ந்ததே. ஆண்டவர் அவ்வழக்காறுகளை உள்ளிருந்தே அறிந்து, அவற்றுள் அன்பைக் காப்பதைப் போற்றி, மனிதரை நசுக்குவதைக் கடிந்தார். நம் இல்லங்களில் முறை பேசும் வேளையிலும் அவ்விரண்டையும் செய்வோமாக.