திருக்காவலூர்க் கோயில்

அரியலூர் நாட்டின் தென்பகுதியில், கொள்ளிடத்திற்கு வடபால், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உளது. ஆங்குள்ள அடைக்கல மாதா கோயிலைக் காணச் செல்வோர் முகப்பையும் பீடத்தையும் நோக்கி, “இவற்றுள் வீரமாமுனிவர் கட்டியது எது?” என வினவுதல் இயல்பு. நாமும் அவ்வாறே வினவினோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கட்டடம் முந்நூறாண்டளவும் பழுதுபார்க்கப்படாது நிற்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் பூசியும் புதுக்கியும் காப்பதனாலேயே நிற்பது. ஆதலின் இவ்வினாவிற்கு விடையைச் சுவரிடத்துத் தேடுவதினும் நூலிடத்துத் தேடுதல் நன்றெனத் தோன்றுகிறது.

இத்தாலி தேசத்துக் காஸ்திலியோனேயில் 1680-இல் தோன்றிய பெஸ்கி என்னும் இயேசு சபைக் குரவர் 1710-இல் கோவாவை அடைந்து, பின்னர் மதுரை மிஷனைச் சார்ந்தார். அவரே நாம் வீரமாமுனிவர் எனப் போற்றுபவர். ஏலாக்குறிச்சியில் தேவதாயார்க்குக் கோயில் எடுத்த அவர், அவ்விடத்திற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுத் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். இஃது எளிய செய்தியன்று. பலவகைப் பாவும் பாவினமும் விரவ, ஊசல், அம்மானை, மறம் முதலிய உறுப்புக்கள் கலந்து வருவது கலம்பகம். கடவுளைப் பாடுங்கால் அக்கடவுள் உறையும் தலத்தையும் உடன்பாடுதல் புலவர் மரபு. அதே ஆற்றின் மேற்பால் உள்ள திருவரங்கத்திற்குப் பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் பாடிய கலம்பகத்தை நம் வகுப்பினர் அறிவர். பாடல்பெற்ற பதிகள் நிறைந்த சோழநாட்டின் அருகே, நேற்றெழுந்த ஒரு வேதக் கோயிலையும் தலமாக்க விழைந்தார் முனிவர். தலமாவதற்குப் பெயர் வேண்டும், பாட்டும் வேண்டும். காவல் என்பதும் அடைக்கலம் என்பதும் ஒரு பொருளை நோக்கியனவே. மாதாவின் பெயரே ஊரின் பெயருமாயிற்று.

அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயரது பிளவையை முனிவர் பச்சிலையிட்டு ஆற்றினர் என்றும், அந்நன்றிக்கு அவர் கோயிலுக்கு நிலம் ஈந்தனர் என்றும் அவ்வூரார் கூறுவர். கதையில் மிகைப்படுத்தியது எவ்வளவாயினும், பாளையக்காரரின் ஆதரவின்றி அந்நாளில் ஓர் அயல்நாட்டார் கோயிலெடுத்து நிலைத்திருத்தல் அரிதென்பதை அது புலப்படுத்துகின்றது.

முனிவர் லுத்தர் சபையாரைக் கடிந்தெழுதியதை அச்சபை மரபினர் சிலர் இன்றும் மறந்திலர். மறவாதார் இதனையும் நினைக்க: அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேற்றியவர் அந்த லுத்தர் சபையாரே.

முனிவர் 1747-இல் மறைந்தார். 1773-இல் பாப்பரசர் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனின் கோயில்கள் பல குருவின்றித் தளர்ந்தன. அச்சபையார் மீண்டும் வந்து அம்மிஷனை ஏற்றது 1830-களின் பிற்பகுதியிலேயே. இடைப்பட்ட அறுபதாண்டிற்கு மேற்பட்ட காலத்தில் மழையும் கறையானும் எத்துணைச் சுவரைத் தின்றனவோ! ஊரின் பெயர் அரசாங்க ஏட்டில் ஏலாக்குறிச்சியே. ஆயினும் கோயிலுக்கு யாத்திரை வருவோரிடம் கேட்பின், திருக்காவலூருக்கு வந்தோம் என்பாரும் உளர்.