பருத்திக் காய்ப்புழுவும் பரம்பரைக் கணக்கும்

பி.டி. பருத்தியைத் தின்றும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு சாவதில்லை என்று உழவர்கள் குறைப்படுவதுண்டு. விதை சரியில்லை என்பதே பலரின் எண்ணம். போலி விதை சில இடங்களில் உண்டென்றாலும், பெரிய காரணம் புழுக் கூட்டத்திலேயே ஏற்பட்டுள்ள மாறுதலாகும்.

ஒவ்வொரு புழுவும் ஒரு பண்புக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுக்களைப் பெறுகிறது. பி.டி. நஞ்சைத் தாங்கும் மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் புழு பிழைக்கும். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் மடிந்துவிடும்.

ஒரு வட்டாரத்துப் புழுக்களில் இம்மரபணு நூற்றுக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே புழுவில் சேர்வது 10,000-க்கு 1 தான். மரபணு நூற்றுக்கு 10 ஆனால், பிழைக்கும் புழு 100-க்கு 1 ஆகிவிடும். அதாவது மரபணு பத்து மடங்கு பெருகினால் சேதம் செய்யும் புழு நூறு மடங்கு பெருகும். பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமலிருந்து, ஒரே பருவத்தில் வந்தது போலத் தோன்றுவது இதனால்தான். இக்கணக்கை 1908-ல் ஹார்டி, வைன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்தனர்.

2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி அளித்தபோது, பரப்பில் 20 சதம் அல்லது வயலைச் சுற்றி 5 வரிசை, இவற்றுள் எது அதிகமோ அந்த அளவு சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. பூச்சிக்குத் தீனி போடுவானேன் என்று பலர் விட்டுவிட்டனர். ஆனால் அங்கு வளரும் அந்துப்பூச்சிகளே, பி.டி. வயலில் தப்பிய ஒன்றிரண்டோடு இணைந்து, ஒரு மரபணு மட்டுமுள்ள புழுக்களை ஈனுகின்றன. அவை பி.டி. செடியைத் தின்று மடியும். அந்த வரிசைகள் இல்லாவிடில் தப்பியவை தமக்குள்ளேயே இணையும்.

பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என வேறு பயிர்களும் புகலிடமாகின்றன. இளஞ்சிவப்புப் புழுவோ ஏறக்குறையப் பருத்தியை மட்டுமே நம்பியது. குஜராத்தில் அதன் தாங்குதிறன் 2010-ல் அறிவிக்கப்பட்டது. 2006-ல் வந்த இரட்டை நஞ்சுப் பருத்தியும் பின்னர் அதனிடம் தோற்றது. சாதாரணப் பருத்தியை முறையாக விதைத்த அமெரிக்காவின் அரிசோனாவிலோ, 1996 முதல் 2005 வரை தாங்குதிறன் பெருகவில்லை.

தாங்கும் மரபணு மிகுந்துவிட்ட வட்டாரத்தில் சுற்று வரிசை மட்டும் போதாது. தப்பிய புழு அடுத்த பருவத்துக்குப் போகாமல் தடுக்க வேண்டும். பருவம் முடிந்தபின் நீர் பாய்ச்சிப் பயிரை நீட்டிக்க வேண்டாம். வெடிக்காத காய்களை அழித்து, பருத்திமாரை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எக்டருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வையுங்கள். பொறிக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 இரவுகள் விழுந்தால் மருந்து தெளிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது எனக் கொள்ளவும்.